உங்களை விட்டுப் போனார்கள். நீங்கள் எங்களை விட்டுப் போகாதீர்கள்



எங்கள் மூத்த தலைவர் ஐயா அவர்களே, நீங்கள் ஒதுங்கப் போகிறீர்கள் என்ற பேச்சு இந்தப் பக்கம் பொகவந்தலாவை வரைக்கும் அந்தப் பக்கம் மஸ்கெலியா வரைக்கும் போய்விட்டது. காரணமும் ஊருக்கே தெரியும். நீங்கள் கைபிடித்து மேடையேற்றியவர்கள், கூட்டத்தில் பேசச் சொல்லிக் கொடுத்தவர்கள், தேர்தல் நெருங்கியதும் அடுத்த மேடைக்குப் போய்விட்டார்கள். தனியாகவும் போகவில்லை. தோட்டக் கமிட்டிகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். "இதையெல்லாம் மறந்துவிடுங்கள் ஐயா" என்று நான் சொல்லமாட்டேன். நேற்றுவரை நம் தட்டில் சாப்பிட்டவன் இன்றைக்கு நம்மைப் பார்த்ததும் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போனால் யாருக்கும் வலிக்கும். அந்த வலி நியாயமானது.

ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். அவர்கள் விட்டுப் போனது உங்களை. நீங்கள் ஒதுங்கினால் விட்டுப் போவது யாரை?

இந்த நோர்வூட்டில் சௌமியமூர்த்தி தொண்டமான் பெயரைத் தாங்கிய மைதானம் இருக்கிறது. 2017 மே மாதம் 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி இங்கேதான் வந்து நின்று, மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். அந்தப் பெயரைப் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிவிட்டது. அந்தப் பெயருக்கு உரியவர் எத்தனை முறை தனித்து விடப்பட்டார் என்பது மட்டும் மறந்துவிட்டது. இன்றைக்கு அதை நினைவுபடுத்துவது என் கடமை.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் நம் ஆட்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. நுவரெலியாவில் தொண்டமான் வென்றார். தலவாக்கலையில் நம் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை வென்றார். அடுத்த ஆண்டே, சுதந்திரம் வந்த அதே 1948இல், 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதற்கடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. இந்த மலையை வெட்டித் தேயிலை நட்ட சனம் ஒரே கையெழுத்தில் நாடற்றவர்கள் ஆனது.

அந்த நேரத்தில் தமிழ்த் தலைவர்கள் எல்லோரும் சேர்ந்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்து அமைச்சரானார். நம் குடியுரிமையைப் பற்றிய இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்துக்கு ஆதரவும் கொடுத்தார். அதை ஏற்கமுடியாமல் அந்தக் கட்சியிலிருந்து வெளியே வந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். நம் துயரத்தை முன்னிட்டு ஒரு கட்சியே உடைந்தது. ஆனாலும் நம் வாக்கு திரும்பி வரவில்லை. 1952 தேர்தலில் தோட்ட மக்களின் பிரதிநிதியாக நாடாளுமன்றம் போக ஒருவரும் இல்லை. நம் தலைவர்கள் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அதற்கும் சட்டம் அசையவில்லை.

வெளியே இப்படி. உள்ளே என்ன நடந்தது? 1950களின் நடுவில், கூடவே நின்று இயக்கத்தை வளர்த்த அப்துல் அஸீஸ் பிரிந்து போய் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்தார். ஒரே லயத்தில் ஒரு காம்பரா ஒரு சங்கம், அடுத்த காம்பரா அடுத்த சங்கம் என்று ஆனது. துரைமார்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

பிறகு 1964 ஒக்டோபர் 30. சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேரைக் கணக்குப் போட்டார்கள். ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அந்த நாளில் தொண்டமான் நாடாளுமன்றத்தில் நியமன உறுப்பினர். நியமனம் கொடுத்த அரசாங்கமே அவர் மக்களைப் பிரித்துக் கொடுத்தது. அண்ணன் அட்டனில், தம்பி இராமேஸ்வரம் கப்பலில். இதைவிட ஒரு தலைவனுக்கு என்ன இடி விழவேண்டும்?

அடுத்த ஆண்டு அவருடைய காங்கிரஸிலிருந்தே வி.கே. வெள்ளையன் வெளியேறித் தொழிலாளர் தேசிய சங்கத்தை உருவாக்கினார். 1970களின் தொடக்கத்தில் தோட்டங்களில் பஞ்சம் வந்தது. சனம் பசியில் செத்தது. 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில், காணி பறிபோவதைத் தடுக்கப் போராடிய சிவனு லட்சுமணன் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தார்.

ஐயா, இவ்வளவுக்கும் பிறகு அந்த மனிதர், "போதும், நான் பார்த்துவிட்டேன்" என்று வேவண்டன் தோட்டத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாராவது குறை சொல்லியிருப்பார்களா? அவர் உட்காரவில்லை. 1977 ஜூலையில் நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியில் நின்று மூன்றாவது உறுப்பினராக வென்றார். மக்கள் வாக்கில் அவர் கடைசியாக வென்றது 1947இல். நடுவில் முப்பது ஆண்டு! அந்த வெற்றியும் முதலிடம் இல்லை, மூன்றாம் இடம். ஆனால் அந்த மூன்றாம் இடத்தை வைத்துக்கொண்டுதான் 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் வந்தது. 1986 தைப் பொங்கலில் தொடங்கிய பிரார்த்தனை இயக்கத்தில் தொழிலாளர்கள் மலைக்குப் போகாமல் கோயிலடியில் உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டும் 1988லும் குடியுரிமைச் சட்டங்கள் வந்தன. 1948இல் பறித்ததைத் திருப்பி வாங்க நாற்பது ஆண்டு பிடித்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து. 1999இல் அவர் கண்ணை மூடிய நாளும், சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான நாளைப் போலவே, ஒரு ஒக்டோபர் 30தான்.

அவரைக் குறைகளே இல்லாதவர் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. அவரோடு முரண்பட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். அவர் அமைச்சராக இருந்த காலத்து முடிவுகளை இன்றும் கேள்வி கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். நான் சொல்வது ஒன்றே ஒன்று. 1956இலோ 1964இலோ அவர் விலகியிருந்தால், விலகிய நாளில் அவருக்கு அனுதாபம் கிடைத்திருக்கும். அடையாள அட்டை நமக்குக் கிடைத்திருக்குமா?

தமிழ்நாட்டையும் பாருங்கள். காமராசர் காங்கிரஸ் தலைவராக இருந்து 1966இல் இந்திரா காந்தியைப் பிரதமராக்கினார். 1967இல் சொந்த ஊரான விருதுநகரிலேயே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். 1969இல் கட்சி உடைந்தது. தாம் பிரதமராக்கியவர் எதிர் அணியில் நின்றார். அந்த ஆண்டு தொடக்கத்தில் நாகர்கோவில் மக்கள் அவரை இடைத்தேர்தலில் வெல்ல வைத்திருந்தார்கள். கட்சி உடைந்த பிறகும், 1971இல், அதே மக்கள் மறுபடியும் வெல்ல வைத்தார்கள். சொந்த ஊர் கைவிட்டதென்று அவர் பொதுவாழ்வைக் கைவிடவில்லை.

இப்போது எல்லோருக்கும் ஒரு வார்த்தை. விட்டுப் போகிற எல்லோரையும் ஒரே சொல்லால் திட்டாதீர்கள். வெள்ளையன் பிரிந்து போனார். போய் என்ன செய்தார்? இன்னொரு சங்கம் கட்டி, இதே தொழிலாளிக்கு வேலை செய்தார். 1989இல் பி. சந்திரசேகரன் பிரிந்து மலையக மக்கள் முன்னணியைத் தொடங்கினார். "மலையகம்" என்ற பெயரையே அரசியலின் நடுவே நிறுத்தினார். தலைவனை விட்டுப் போவது வேறு, மக்களை விற்றுவிட்டுப் போவது வேறு. முதலாவது மனவருத்தம். இரண்டாவதுதான் துரோகம். ஐயாவை விட்டுப் போனவர்களில் யார் எந்த வகை என்பதை அவர்கள் இனிச் செய்யும் வேலை காட்டும். நாம் லயத்துக்கு லயம் நின்று வசைபாடிக் காட்ட வேண்டியதில்லை.

ஐயா, உங்களிடமும் இதையே கேட்கிறேன். கதவைச் சாத்திவிடாதீர்கள். அன்றைக்கு நம்மைக் கைவிட்ட பொன்னம்பலத்தோடு, அவரை எதிர்த்து வெளியேறிய செல்வநாயகமும், நடுத்தெருவில் விடப்பட்ட தொண்டமானும் 1972இல் தமிழர் கூட்டணி என்று ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள். மூன்று பேருக்கும் மறந்தா போயிருக்கும்? மறக்கவில்லை. தங்கள் கோபத்தைவிட மக்களின் தேவை பெரியது என்று நினைத்தார்கள்.

அந்தத் தேவை இன்றும் முடியவில்லை. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தோமே, நம் சனம் இங்கே வந்த இருநூறு வருடத்தை நினைத்து! நடந்து முடித்துத் திரும்பி வந்தது எங்கே? அதே லயத்துக்குத்தான். ஏழு பேர்ச்சஸ் காணிக்கு இன்னும் எத்தனை குடும்பம் காத்திருக்கிறது? கையில் கொடுத்த பத்திரம் பதிவாகிச் சொந்தமானதா என்று யார் கேட்டுச் சொல்வது? ஆயிரம் ரூபாய்ச் சம்பளத்துக்காக வருடக்கணக்கில் போராடி 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. வந்த பிறகு கொழுந்து நிறை போதாது என்று அரைப் பேர் போட்டு அரைநாள் சம்பளம் கொடுத்தார்கள். பிரதேச சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க விடாத சட்டத்தை 2018இல்தான் திருத்தினார்கள். அதே ஆண்டுதான் நம் நோர்வூட்டுக்கென்று ஒரு பிரதேச சபையும் வந்தது. சபை வந்துவிட்டது. சட்டமும் திருந்திவிட்டது. மேல் கணக்கு, கீழ்க் கணக்குப் பாதைகள் திருந்திவிட்டனவா? இந்தக் கோப்புகள் எந்த மேசையில் எத்தனை நாளாகக் கிடக்கின்றன என்று உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு இங்கே யாருக்குத் தெரியும்?

ஆகவே இருங்கள் என்கிறோம். ஆனால் முன்பு இருந்தது போலவே இருங்கள் என்று சொல்லவில்லை. தோட்டம் தோட்டமாக மறுபடியும் போங்கள். மாலையும் மேளமும் வேண்டாம். கோயிலடியில் உட்கார்ந்து, நம் ஆட்கள் ஏன் போனார்கள் என்று கேளுங்கள். சந்தாக் கணக்கை எல்லோர் முன்னாலும் விரித்து வையுங்கள். பேசத் தெரிந்த பிள்ளைகளைத் தேர்தலுக்கு மட்டும் கூப்பிடாமல், சம்பளப் பேச்சுவார்த்தைக்கும் பக்கத்தில் உட்கார வையுங்கள். கொழுந்து பறிப்பது பெண்கள், சந்தா கட்டுவது பெண்கள், மேடையில் உட்காருவது மட்டும் ஆண்கள் என்றால் அது எப்படி நியாயம்? 2024 நவம்பர் தேர்தலில் நுவரெலியாவிலும் பதுளையிலும் மலையகப் பெண்கள் இருவர் முதல் முறையாக நாடாளுமன்றம் போனார்கள். எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள், அது நம் வீட்டுப் பெண்களுக்குத் திறந்த வழி. உங்களுக்குப் பிறகு வருகிறவர் ஒரு ஆள் என்றால் அந்த ஆளை விலைக்கு வாங்கலாம். ஐம்பது பேர் என்றால் யாரால் வாங்க முடியும்?

கடைசியாக, உங்களிடம், எதிரே இருக்கும் உங்களிடம். தலைவரைத் தனியே விடுவது போனவர்கள் மட்டுமா? மாலை போடும் நாளில் முந்நூறு பேர் வருகிறோம். தொழில் அதிகாரி காரியாலயத்துக்கு அவர் வழக்கு எடுத்துப் போகும் நாளில் மூன்று பேர்கூடப் போவதில்லை. அவர் இருக்க வேண்டும் என்று கை தட்டினால் போதாது. கமிட்டி உடைந்த தோட்டங்களில் இந்த மாதமே புதிய கமிட்டி கூட்டுங்கள். பாதிக்குப் பாதி பெண்கள் இருக்கட்டும். அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பெயர்ப்பட்டியலோடு வாருங்கள். அதுதான் அவருக்கு நீங்கள் சொல்லும் ஆறுதல்.

ஐயா, நம்பிக் கெட்டவர் என்று உங்களைச் சொல்கிறார்கள். சொல்லட்டும். நம்பாத தலைவர் யாரையும் வளர்த்ததில்லை. மறுபடியும் நம்புங்கள். இந்த முறை ஒருவர் இருவரை இல்லை, எங்கள் எல்லோரையும் நம்புங்கள். காணிப் பத்திரம் கைக்கு வரும்வரை முன்னால் நில்லுங்கள். உங்கள் பின்னால் நிற்க நாங்கள் இருக்கிறோம்.