குணமான பிறகும் பரிசோதனை

நிணநீர் மண்டலத்தில் வருகிற புற்றுநோய் லிம்ஃபோமா. அதில் ஹாட்ஜ்கின் வகை பெரும்பாலும் குணமாகிவிடுகிறது. ஆனால் குணமானவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்து வேறொரு புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பழைய நோய் திரும்புவதல்ல, இது புதிது. உயிரைக் காத்த கதிர்வீச்சும் சில மருந்துகளும் நல்ல செல்களையும் பாதித்திருக்கலாம்.

இளம் வயதில் மார்பில் கதிர்வீச்சு பெற்ற பெண்களே, 40 வயது வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிகிச்சை முடிந்து சுமார் 8 ஆண்டுகளானால், மார்பகப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். புகைபிடிப்பவர்கள் இன்றே நிறுத்துங்கள்.

என்ன மருந்து, எந்த இடத்தில் கதிர்வீச்சு, எந்த வருஷம்? இதெல்லாம் இருக்கிற மருத்துவமனை ஃபைலை வீட்டுப் பத்திரம் போலப் பாதுகாத்து வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் அதைக் காட்டுங்கள். பயம் வேண்டாம், பரிசோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.