இரண்டாம் பிரதி



பரிசளிப்பு விழாவில் அறிவியலா என்று யாரும் பயப்பட வேண்டாம். ரம்புத்தான் பழத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பழுத்த ரம்புத்தான் மரத்தை நிமிர்ந்து பாருங்கள். பச்சை இலைகளுக்கு நடுவே சிவப்புக் குலை பளிச்சென்று தெரிகிறது. பக்கத்தில் நிற்கும் நாய்க்கு அப்படித் தெரியாது; மாட்டுக்கும் தெரியாது. நிறத்தைப் பிரித்தறியும் செல்கள் அவற்றின் கண்ணில் இரண்டு வகைதான். நமக்கோ மூன்று வகை. இந்த மூன்றாவது எங்கிருந்து வந்தது?

நம் உடம்பின் செல்லுக்குள் நான்கே எழுத்துகளால் எழுதிய ஒரு பாடநூல் இருக்கிறது. அதில் ஒவ்வொரு பாடமும் ஒரு மரபணு. அந்தப் பாடத்தைப் படித்து உடம்பு செய்யும் பொருள்தான் புரதம். இருபது வகை மணிகளை வரிசை தவறாமல் கோத்த மாலை போன்றது அது. மணிகளுக்கு அமினோ அமிலம் என்று பெயர். கண்ணுக்கு வரும் ஒளியைப் பிடிப்பதும் இப்படி ஒரு புரதமே.

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இந்தப் பாடநூல் நகலெடுக்கப்பட்டே போகிறது. நகலெடுக்கும்போது சில சமயம் எழுத்து மாறிவிடும். முக்கியமான பாடத்தில் எழுத்து மாறினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, இல்லாவிட்டால் கெடுதல்தான். ஒரே பிரதிதானே இருக்கிறது, அதைக் கெடுத்துவிட்டு வேலைக்கு எங்கே போவது?

ஆனால் சில சமயம் ஒரு பாடமே இரண்டு தடவை எழுதப்பட்டுவிடும். அப்போது நிலைமை மாறுகிறது. ஒரு பிரதி பழைய வேலையைப் பார்த்துக்கொள்ளும். மற்றப் பிரதியில் எழுத்து மாறினாலும் குடி முழுகிப் போகாது. 1970ஆம் ஆண்டில் சுசுமு ஓனோ என்ற அறிஞர் இதை ஒரு நூலாகவே எழுதினார். உயிர்கள் புதிய திறமை பெற்றதற்கு இப்படிப்பட்ட இரட்டைப் பிரதிகளே பெரிய காரணம் என்றார்.

நம் கண்ணிலும் நடந்தது அதுதான். ஏறக்குறைய மூன்று நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன், குரங்குகளுக்கும் நமக்கும் பொதுவான மூதாதைகளிடம், ஒளியைப் பிடிக்கும் ஒரு மரபணு இரண்டானது. பிறகு இரண்டும் சிறுகச் சிறுக வேறுபட்டன. இன்று ஒன்று சிவப்புப் பக்கம் சாய்ந்த ஒளியையும், மற்றது பச்சைப் பக்கம் சாய்ந்த ஒளியையும் நன்றாகப் பிடிக்கின்றன. இரண்டு மாலைகளிலும் 364 மணிகள். வேறுபாடோ சுமார் 15 இடங்களில்தான். அதிலும் மூன்று இடங்களே பெரும்பங்கு வேலையைச் செய்கின்றன. மூன்று மணி மாறியதில் பழம் சிவந்தது!

எல்லாப் பிரதிக்கும் இந்த யோகம் அடிப்பதில்லை. வாசனை அறியும் மரபணுக்களில் ஏறத்தாழ 400 நம்மிடம் வேலை செய்கின்றன. குறைந்தது அதே அளவு கெட்டுப்போய்ச் சும்மா கிடக்கின்றன.

பெற்றோர்களே, இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். சிவப்பு, பச்சை மரபணுக்கள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், நகலெடுக்கும்போது ஒன்று விட்டுப்போவதும் உண்டு. அப்படிப் பிறந்த பையனுக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரியாது. அவன் இலைக்கு மண்நிறம் பூசுவான். "என்னடா, கண்ணைப் பொடனியிலயா வச்சிருக்கே?" என்று வீட்டில் அடி விழும். அவன் சோம்பேறி அல்ல, முட்டாளும் அல்ல. அணுக் கொள்கை தந்த ஜான் டால்ட்டனுக்கே இந்தக் குறை இருந்தது. 1794இல் அவரே அதைப் பற்றிப் பேசினார். 1844இல் அவர் இறந்தபின் பாதுகாத்து வைத்த கண்ணை 1995இல் சோதித்தபோது, பச்சைக்குரிய மரபணு இல்லாதது தெரிந்தது.

இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு அது தாய்வழியே வரும். அதற்காகத் தாயைக் குறை சொல்லாதீர்கள். நகலெடுப்பதில் நேர்ந்ததற்கு அவள் என்ன செய்வாள்? நிறம் பூசுவதில் தடுமாறும் பிள்ளையை அடிக்காமல், கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

மாணவச் செல்வங்களே, பரிசு பெற்றவர்களுக்கு என் பாராட்டு. பெறாதவர்களுக்கு ஒரு சொல். ஒரே பிரதி உள்ள இடத்தில் பிழை ஆபத்து. இரண்டாம் பிரதி உள்ள இடத்தில் பிழையே புதுமைக்கு வழி. நல்ல நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்; அடித்துத் திருத்திப் பார்க்க இன்னொரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, அந்த இரண்டாவது நோட்டில் கிறுக்கல் இருக்கும். அதைப் பார்த்துக் கோபப்படாதீர்கள். அதை வாங்கிக் கொடுக்கும் சில காசு வீண் போகாது.