மணலோடு போகும் நீர்

(கருத்தரங்கு ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

நீரைச் சேமிக்கப் பாத்திரம் வேண்டும். வறண்ட நிலப்பகுதிகளில் இயற்கை அமைத்துத் தந்துள்ள பாத்திரங்களுள் சிறந்தது ஆற்று மணல். அதனை வெறும் கட்டுமானப் பொருளாக மட்டுமே கணக்கிட்டு வந்ததால் நிலத்தடி நீரில் ஏற்பட்ட இழப்பை எவ்வாறு ஈடு செய்வது என்பது இன்று நாட்டின் பல மாவட்டங்களை எதிர்நோக்கும் பிரச்சினையாகும். அவற்றுள் கர்நாடகத்தின் கோலார் மாவட்டமும் ஒன்று.

கோலார் தங்கவயலை அடுத்து, பங்காருப்பேட்டை வட்டத்தில், மார்க்கண்டேய நதிக்கரையில் அமைந்துள்ள ஊர் பூதிகோட்டை. ஐதர் அலி பிறந்த ஊர் என்ற வரலாற்றுச் சிறப்பு அதற்கு உண்டு. இங்கிருந்து தெற்கே செல்லும் மார்க்கண்டேய நதி, தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தென்பெண்ணையுடன் கலக்கிறது. தங்கவயலின் மற்றொரு பக்கத்தில் பாலாறு செல்கிறது. அதன் குறுக்கே அமைந்த பேத்தமங்கலம் ஏரியே தங்கவயல் மக்களுக்கு நெடுங்காலம் குடிநீர் வழங்கியது.

இம்மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு எதுவும் இல்லை. சராசரி மழையளவு ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர். நிலத்தின் அடியில் இருப்பது கடினப் பாறை. ஆகவே மழைநீர் தங்குவதற்கு மூன்றே இடங்கள் உள்ளன: ஏரி, ஆற்று மணல், பாறையின் சிதைந்த மேற்பகுதியும் வெடிப்புகளும். இம்மூன்றும் ஒரே தன்மையன அல்ல. நீர் நிறைந்த மணலிலிருந்து அதன் கன அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீரைப் பெறலாம். சிதைந்த கருங்கற் பாறையிலிருந்து கிடைப்பதோ நூற்றுக்கு மூன்று பங்கு அல்லது அதற்கும் குறைவு.

இதன் பொருளை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு ஹெக்டேர் பரப்பில் 2 மீட்டர் ஆழத்திற்கு மணல் எடுத்தால் 20,000 கன மீட்டர் மணல் போகிறது. அதனுடன் 4,000 கன மீட்டர் நீரைத் தேக்கும் இடமும் போகிறது. இது 40 லட்சம் லிட்டர். கிராமக் குடிநீருக்கு ஜல் ஜீவன் இயக்கம் வகுத்துள்ள அளவு ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். அந்த அளவில், 200 பேருக்கு ஓராண்டுக்குத் தேவையான நீர் இது. மேலும், இப்பாத்திரம் ஆற்றில் வெள்ளம் வரும்போதெல்லாம் மீண்டும் நிரம்பக் கூடியது. மணல் ஒரு முறைதான் விற்கப்படுகிறது. நீரின் இழப்போ ஆண்டுதோறும் தொடர்கிறது.

இழப்பு இத்துடன் நிற்பதில்லை. ஆற்றுப்படுகை தாழ்ந்தால், கரையோரக் கிணறுகளின் நீர் பள்ளத்தை நோக்கி வடிந்துவிடும. முதலில் வற்றுவது சிறு விவசாயியின் திறந்த கிணறு. அவர் கடன் பெற்று ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறார். மணலின் விலை ஒப்பந்தக்காரருக்கும், உரிமைத் தொகை அரசுக்கும் சேர, நீரின் விலையை மட்டும் அவர் செலுத்துகிறார். பொருளியல் கூறும் புறச் செலவுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. கோலார் மாவட்டத்தில் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி எடுக்கப்படுவதை மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகள் தொடர்ந்து சுட்டிக்காட்டி வந்துள்ளன.

ஆற்று மணல் குறைந்தபோது ‘ஃபில்டர் மணல்’ தோன்றியது. ஏரிப் படுகையிலும் விளைநிலத்திலும் மண்ணைத் தோண்டி, நீரால் கழுவி, மணலைப் பிரிக்கும் சட்டவிரோதத் தொழில் இது. இதில் மண்ணும் போகிறது. கழுவுவதற்கு நிலத்தடி நீரும் செலவாகிறது.

சட்டத்தின் நிலை என்ன? 1957ஆம் ஆண்டின் கனிமச் சட்டம் மணல் போன்ற சிறு கனிமங்களுக்கு விதிகள் செய்யும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு அளித்தது. 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மத்திய அரசு 2016லும் 2020லும் மணல் எடுப்பதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆற்றில் ஆண்டுதோறும் புதிதாக வந்து சேரும் மணலை அளந்து, அதற்கு உட்பட்டே எடுக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். கட்டுப்பாடு இனி வரும் இழப்பைத் தடுக்கும். நேர்ந்துவிட்ட இழப்பை ஈடு செய்ய வேறு முயற்சிகள் தேவை.

முதலாவது, பாத்திரத்தையே திரும்ப அமைத்தல். கென்யாவின் கிட்டுயி பகுதியில், மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஆறுகளில் பாறை மீது சுவர் எழுப்பி மணலைத் தேக்கும் சிறு அணைகள் நூற்றுக்கணக்கில் கட்டப்பட்டுள்ளன. சில பருவங்களில் சுவருக்குப் பின்னால் மணல் நிறைகிறது; மணலுக்குள் நீர் நிற்கிறது. இரண்டடிக்குக் கீழே உள்ள நீர் வெயிலில் ஆவியாவது மிகக் குறைவு. மணல் ஓரளவு எஞ்சியுள்ள இடங்களில், படுகைக்குள் புதைந்த தடுப்புச் சுவர் போதுமானது. ஆனால் மேற்புறத்தில் பெரிய அணை இருப்பின் மணல் கீழே வராது. மார்க்கண்டேய நதியின் குறுக்கே யார்கோளில் அணை எழுந்துள்ள இன்றைய நிலையில், இடத் தேர்வின்போது இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஏரிகளைச் சீர்செய்தல். உலக வங்கி உதவியுடன் 2002இல் தொடங்கிய கர்நாடக ஏரி மேலாண்மைத் திட்டத்தில் கோலார் மாவட்டமும் இடம்பெற்றது. வண்டலை அகற்றுவதுடன் வரத்துக் கால்வாய்களையும் காத்தால்தான் பயன் நிலைக்கும். தூர் வாருதல் என்ற பெயரில் மணல் வெளியேறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, வெளியிலிருந்து நீர் கொண்டுவருதல். பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து, கோலார் பகுதியின் 120க்கும் மேற்பட்ட ஏரிகளில் நிரப்பும் கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம் 2018 ஜூனில் செயற்படத் தொடங்கியது. வறண்ட ஏரிகள் பல நீர் கண்டன. எனினும் சுத்திகரிப்பின் தரம் போதாது என்ற புகார் நீதிமன்றம் வரை சென்றது. மணலும் மண்ணும் இயற்கை வடிகட்டிகள். அவை அகற்றப்பட்ட இடத்தில் இத்தகைய நீரைத் தேக்குவதாயின் தரக் கண்காணிப்பு இருமடங்கு அவசியமாகும்.

இப்பணிகளுக்கு நிதி எங்கே என்ற கேள்வி எழலாம். 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் அமைக்கப்பட்டன. கனிமத் தொழிலால் பாதிக்கப்பட்ட மக்களுக்கு உதவுவதே அவற்றின் நோக்கம்; குடிநீர் அவற்றின் முன்னுரிமைப் பணிகளுள் ஒன்று. மணலால் வரும் தொகையின் ஒரு பகுதியை, அது எடுக்கப்பட்ட ஆற்றின் கரையோர ஊராட்சிகளில் நீர்ச் செறிவூட்டலுக்கென ஒதுக்குவது நியாயமாகும். கிணறுகளின் நீர்மட்டத்தை ஊராட்சியே மாதந்தோறும் அளந்து எழுதி வைத்தால், செலவிட்ட தொகையின் பயனையும் கண்டறியலாம்.

குவாரிக்கு அனுமதி வழங்கும் ஏட்டில் மணலின் அளவுக்கும் விலைக்கும் பத்திகள் உண்டு. அம்மணல் தாங்கி நின்ற நீருக்கும் ஒரு பத்தி சேர்க்கப்பட வேண்டும். அப்போதுதான் எந்த இடத்து மணலை எடுக்கலாம், எதனைத் தொடவே கூடாது என்பது முன்கூட்டியே தெரியவரும்.