வானில் விரிந்த வலை



வலை என்றதும் மீன்தான் நினைவுக்கு வரும். நாம் இன்று பேச விழைவது வானில் விரித்த வலையொன்றைப் பற்றி.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், டாம்பா விரிகுடாவின் கரையில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்னும் நகரம் இருக்கிறது. கடலுக்குள் நீண்டிருந்த அதன் பழைய துறைப்பாலத்தை இடித்துப் புதியது கட்டி 2020-இல் திறந்தனர். அப்போது ஜானெட் எக்கல்மன் என்ற பெண் கலைஞர் அமைத்த நூல்வலைச் சிற்பமும் மக்கள் பார்வைக்கு வந்தது. நீளம் 424 அடி. உயரம் 72 அடி. அதில் 180 மைல் நூலும் 16 இலட்சத்துக்கு மேற்பட்ட முடிச்சுகளும் உள்ளன. காற்று வீசினால் அலைபோல் அசையும். பாலத்தின் அடியில் அடுக்கடுக்காக ஒட்டி வளர்ந்த கொட்டலசுகளும், பழைய அஞ்சலட்டைகளில் காணும் நீல வெள்ளைக் கடற்கரைக் குடைகளும் அவ்வடிவத்துக்குத் தூண்டுதலாயின.

அந்தக் குடைகளின் நிழல் கறுப்பின மக்களுக்கு இல்லை. ஸ்பா கடற்கரையும் அதையடுத்த நகராட்சி நீச்சல் குளமும் வெள்ளையர்க்கே உரியனவாயிருந்தன. கறுப்பர்க்கு விட்டது வேறொரு சிறு கரைத்துண்டு. 1955-இல் பிரெட் ஆல்சப் என்னும் மருத்துவரும் அவர்தம் தோழர்களும் வழக்குத் தொடுத்தனர், வென்றனர். நகராட்சி விடவில்லை. 1957-இல் உச்ச நீதிமன்றம் அதன் முறையீட்டை ஏற்க மறுத்தது. மறு ஆண்டு 19 வயது இளைஞர் ஒருவர் அக்குளத்தில் இறங்கி நீந்தினார். உடனே குளத்தையே பூட்டிவிட்டனர்! 1959-இல்தான் மீண்டும் திறந்தனர்.

நமக்கு இது புதுக் கதையா? மகாடு குளத்தில் 1927-இல் அண்ணல் அம்பேத்கர் நீர் அருந்தினார். உயர்நீதிமன்றத் தீர்ப்பு வர 1937 ஆயிற்று.

அச்சிற்பத்தின் பெயர் 'வளையும் வில்'. நீதியை நோக்கி வளையும் நெடிய வில்லென மார்ட்டின் லூதர் கிங் எடுத்தாண்ட உருவகம் அது. அழகை மட்டும் கண்டு திரும்புவோரைக் குறைகூற மாட்டோம். ஆயினும் கலைஞர் கொட்டலசோடும் குடையோடும் நின்றுவிடாமல் பெயரிலேயே அவ்வழக்கை நினைவூட்டினாரே, அதனால்தான் இம்மேடையில் அவரைப் பேசுகிறோம்.

அவர் முதன்முதலாக வலையைக் கலைக்கு எடுத்த இடம் நம் மாமல்லபுரம். 1997-இல் ஓவியம் கற்பிக்க இந்தியா வந்தவருக்கு, அனுப்பிய வண்ணங்கள் வந்து சேரவில்லை. வெண்கல வார்ப்பை முயன்றார். கனமும் செலவும் தடுத்தன. ஒருநாள் கரையில் மீனவர் குவித்த வலைகளைக் கண்டார். அம்மீனவரோடு சேர்ந்தே தம் முதல் வலைச் சிற்பங்களைச் செய்தார்.

மாமல்லபுரம் செல்லும் நம் இளைஞர்கள், கற்கோயில்களைக் கண்டபின் கடற்கரைக்கும் போய், வலை பின்னுவோரிடம் அந்த முடிச்சைக் கேட்டு வாருங்கள்.