விசாரணையின் நடுவே ஒருவர் விலகினால்

பாலில் தண்ணீர் கலந்ததாக ஒரு பால் வெட்டும் தொழிலாளி மீது குற்றச்சாட்டு என்று வைத்துக்கொள்வோம். மூவர் கொண்ட குழு உள்விசாரணை நடத்துகிறது. கங்காணியும் கிராணியும் சாட்சி சொல்லி முடித்த மறுநாள், குழுவில் ஒருவர் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விடுகிறார். அவருடைய நாற்காலியில் புதியவர் அமர்கிறார். வாக்குமூலம்தான் தாளில் இருக்கிறதே, அதைப் படித்து முடிவு சொன்னால் போதாதா?

கேட்டவரே முடிவு சொல்ல வேண்டும் என்பது இயற்கை நீதியின் பொது விதி. குறுக்குக் கேள்விக்குச் சாட்சி தடுமாறி விழித்ததைத் தாள் சொல்லாதல்லவா?

நீதிமன்றத்திலும் இச்சிக்கல் உண்டு. மாஜிஸ்திரேட் மாறினால், முன்னவர் பதிந்த சாட்சியத்தைக் கொண்டே புதியவர் தொடரலாம். ஆனால் அவர் தொடங்கும்போது, சாட்சிகளை மீண்டும் அழைக்கும்படி குற்றம் சாட்டப்பட்டவர் கோரலாம். இது நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 261ஆம் பிரிவு. தோட்ட விசாரணையை அது கட்டுப்படுத்தாது. ஆயினும் அதே கோரிக்கையைப் புதியவர் அமரும் முதல் நாளே வைத்து, குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. நடந்ததை மற்ற இருவரும் தேநீர் வேளையில் புதியவர் காதில் போடுவார்கள். போலீஸ் இன்ஸ்பெக்டர் சுரிந்தர் சிங் காண்டா வழக்கை நினைத்துப் பாருங்கள். அவரை விசாரித்த அதிகாரியின் கையில், அவருக்குக் காட்டப்படாத பாதகமான அறிக்கை ஒன்று இருந்தது. அதனால் 1962-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அவருடைய பதவி நீக்கம் செல்லாது என்றது. காதோடு சொன்ன செய்தியும் காட்டாத அறிக்கை போன்றதுதானே!

நிர்வாகம் ஏன் அவசரப்படுகிறது? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, விசாரணைக்காக ஒருவரை ஒரு வாரத்திற்கு மேல் நிறுத்திவைக்க முடியாது. அப்போதும் பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் தர வேண்டும்.

விசாரணை பழுதானால் வேலை தானாகத் திரும்பிவிடும் என்று எண்ண வேண்டாம். தொழிலியல் நீதிமன்றமே வழக்கைப் புதிதாக விசாரித்துக் குறையைச் சரிசெய்யலாம் என்று 1995-இல் கூட்டரசு நீதிமன்றம் முடிவு செய்தது. அங்கே நிர்வாகமும் தன் சாட்சிகளை மறுபடி நிறுத்தும். அங்கு போய்ச் சேருவதற்கு, வேலை நீக்கப்பட்ட 60 நாட்களுக்குள் தொழிலுறவு இலாகாவில் எழுத்து மூலம் முறையிட்டாக வேண்டும். சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருப்போர், அந்த நாட்களை இன்றே எண்ணத் தொடங்கட்டும்.