மஸ்வட் பெண்களின் வங்கி



மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில் மஸ்வட் என்றொரு ஊர். மழை பொய்க்கிற வறண்ட பூமி. அங்கே கிராமத்துப் பெண்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கி தொடங்க சேத்னா சின்ஹா என்பவர் ரிசர்வ் வங்கியிடம் உரிமம் கேட்டார். மனு திரும்பி வந்தது. உறுப்பினர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாதாம்!

அந்தப் பெண்கள் சோர்ந்துவிடவில்லை. சில மாதங்கள் எழுத்துப் பழகினார்கள். மறுபடியும் அதிகாரிகள் முன் போய் நின்றார்கள். எந்தத் தொகைக்கு வேண்டுமானாலும் வட்டி கேளுங்கள், கால்குலேட்டர் இல்லாமல் நாங்கள் சொல்கிறோம் என்றார்கள். 1997-இல் மாண் தேசி மகளிர் வங்கி பிறந்தது.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. வங்கிக்கு வந்து போனால் ஒருநாள் கூலி போய்விடும் என்று பெண்கள் சொன்னபோது, வங்கியே அவர்கள் வாசலுக்குப் போனது. வங்கி அட்டைக்கு ரகசிய எண் கொடுத்தபோது, எண்ணை யாரும் திருடலாம், கட்டைவிரலைத் திருட முடியாதே என்றார் ஒரு பெண். கைரேகை முறை வந்தது.

ஆகவே, தொழில் தொடங்க விரும்பும் கிராமத்து இளம்பெண்ணுக்கு உதவ நினைப்பவர்கள் முதலில் அவளிடம் கேட்க வேண்டும். கடன் மட்டும் போதாது. கணக்கு, விலை நிர்ணயம், சந்தை எல்லாம் யாராவது சொல்லித்தர வேண்டும். மாண் தேசி அதற்கென்றே தொழில் பள்ளி தொடங்கியது. பள்ளிக்கு வர முடியாத பெண்களுக்காக, ஒரு பேருந்தையே வகுப்பறையாக்கி ஊர் ஊராக அனுப்பியது.