கித்தாரும் கணிப்பொறியும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்ட இரயில்வே குமாஸ்தா நான். சங்கீத சாஸ்திரம் கற்றவனல்லன். மாலை வேளையில் கித்தார் வாசிப்பவன், அவ்வளவே. எனினும் நம் இளைஞர்கள் எழுப்பிய கேள்விக்கு நானே விடை கூற வேண்டுமென்று செயலாளர் பணித்துவிட்டார். நாடகத்துக்கும் நாட்டியத்துக்கும் இசை வேண்டும்போதெல்லாம் வீணைக்கும் குழலுக்கும் இவ்வூரில் ஆள் தேடி அலைகின்றோம். நம் பிள்ளைகளிடம் உள்ளதோ கித்தார் ஒன்றுதான். அதைக் கொண்டே கணிப்பொறியில் மற்ற வாத்தியங்களையும் ஒலிக்கச் செய்ய இயலுமா? அதற்கெனச் சங்க நிதியில் கருவி வாங்கலாமா? இதுவே கேள்வி.

இதற்குரிய ஏற்பாட்டுக்கு 'மிடி' என்று பெயர். தமிழில் மிடி என்றால் வறுமை; அஞ்ச வேண்டா, இது ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆன பெயர். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், இரு வேறு நிறுவனங்களின் மின்னிசைக் கருவிகளை ஒரு கம்பியால் இணைத்து, ஒன்றை வாசிக்க மற்றொன்று ஒலிக்குமாறு செய்து காட்டினார்கள். அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும், ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இக்குதாரோ காகேஹாஷியும் இதற்கு முன்னின்றவர்கள். இதற்காக 2013இல் இருவருக்கும் கிராமி விருது வழங்கப்பட்டது.

அந்தக் கம்பியில் செல்வது ஒலி அன்று. நம் இலாகா வழக்கில் சொன்னால், சரக்கு வேறு, சரக்கு ரசீது வேறு. எந்தச் சுரம், எத்துணை அழுத்தம், எப்போது தொடக்கம், எப்போது முடிவு என்னும் விவரமே செல்கின்றது. சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண்கள் உண்டு. ரசீதைப் பெற்ற மென்பொருள், வீணை வேண்டுமாயின் வீணையாகவும், குழல் வேண்டுமாயின் குழலாகவும் ஒலித்துக் கொடுக்கும். பதிவு செய்த பின்னரும் வாத்தியத்தை மாற்றலாம். பிழைபட்ட சுரத்தை மட்டும் திருத்தலாம்.

ஹார்மோனியம் போன்ற கட்டைகளையுடைய கருவிக்கு இது எளிது. கட்டை அழுந்திய கணமே சுரம் இன்னதென்று தெரிந்துவிடும். கித்தாருக்கோ தந்தியின் அதிர்வை அளந்த பிறகே தெரியும். அடித் தந்தி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கின்றது. ஓர் அதிர்வுக்கே ஆயிரத்தில் 12 நொடி ஆகும். ஓரிரண்டு அதிர்வையேனும் கேளாமல் கருவி முடிவு கட்ட இயலாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இந்தத் தாமதம் அறவே நீங்காது. இது இயற்கையின் கணக்கு. உச்சத் தந்திக்கு ஓர் அதிர்வுக்கு ஆயிரத்தில் 3 நொடிதான். ஆகவே கீழ்ச்சுரங்களை ஒரு ஸ்தாயி மேலே வாசித்துவிட்டு, மென்பொருளில் ஒரு ஸ்தாயி இறக்கிக்கொள்வது நல்ல உபாயம்.

கை சுத்தமாக இருத்தல் வேண்டும். விரல் தவறிப் பட்ட தந்தியையும் கருவி ஒரு சுரமாக எழுதிக்கொள்ளும். நம் காது மன்னிப்பதை அது மன்னிக்காது.

இனி, நமக்கு முக்கியமான செய்தி கமகம். வீணையில் தந்தியை இழுப்பது போலக் கித்தாரிலும் இழுக்கலாம். ஆனால் வளைவுச் செய்தி ஒரு தடத்தில் உள்ள எல்லாச் சுரங்களையும் ஒருங்கே வளைத்துவிடும். ஆதலால் ஆறு தந்திக்கும் ஆறு தடங்கள் தனித்தனியே அமைத்தல் வேண்டும். வளைவின் எல்லையும் இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். கித்தார்ப் பக்கம் 12 அரைச்சுரம் என்றும், மென்பொருள் பக்கம் 2 என்றும் இருந்தால், நீங்கள் இழுத்ததில் ஆறில் ஒரு பங்கே கேட்கும். தோடியின் காந்தாரம் யாரோ போலாகிவிடும். பலர் கருவியையே குறை கூறுவது இந்த ஓர் எண்ணைக் கவனியாமையால்தான். தாளத்தைத் தானாகச் சீராக்கும் வசதியையும் நம் இசைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். உயிரான அசைவுகளையும் அது சீவி எறிந்துவிடும். மேடைப் பாட்டுக்குப் பின்னணியாயின் பாதகமில்லை.

பணத்தைப் பற்றி ஒரு சொல். ஆறு தந்திக்கும் தனித்தனிக் காந்தமுள்ள கருவியை உடனே வாங்க வேண்டா. சாதாரணக் கித்தாரின் ஒலியைக் கேட்டே சுரமறியும் மென்பொருள்கள் வந்துள்ளன. ஜாம் ஆரிஜின் நிறுவனத்தின் 'மிடி கித்தார்' அவ்வகையது. கித்தாரைக் கணிப்பொறியோடு இணைக்கும் சிறு பெட்டி ஒன்று மட்டும் வாங்கி, ஆறு மாதம் பழகிப் பார்க்கட்டும். பதிவின்போது கித்தாரின் இயல்பான ஒலியையும் தனித் தடத்தில் சேமித்தல் நலம், பின்னால் கைகொடுக்கும். மிருதங்கத்தை மட்டும் இந்த வழியில் தேட வேண்டா. அதற்கு வழக்கம்போல் ஆளையே அழைப்போம்; அந்தச் செலவைக் குறைக்கப் பொருளாளர் எண்ணலாகாது.

இப்போது நம் இளைஞர் ஒருவர், கித்தாரில் கை வைத்துக் குழலோசை எழுப்பிக் காட்டுவார். பின் வரிசையில் உள்ளவர்கள் சற்று முன்னே வந்து அமருமாறு வேண்டுகின்றேன்.